பர்னிங் மேன் கேம்ப்: கூடுதல் பணம் கட்டினால் ஷிஃப்ட் வேண்டாமா?

புழுதிக்கால்:
அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். அங்கே கேம்ப் கேம்ப்பாகக் குழு சேர்ந்து தங்குவோம், சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். எங்கள் கேம்ப்பில் 42 பேர். பே ஏரியா தமிழர்கள் 5 பேர், மற்றவர்கள் பல ஊர்க்காரர்கள். தினமும் காலை 7 முதல் 10 வரை அந்த வழியாக வருகிற எல்லோருக்கும் சாய் போட்டுக் கொடுப்போம். ஆளுக்கு 650 டாலர் கட்ட வேண்டும், நான்கு ஷிஃப்ட் பார்க்க வேண்டும், கடைசியில் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றும் ஸ்ட்ரைக் வேலைக்கு நிற்க வேண்டும். இதுதான் இதுவரை வழக்கம்.

இந்த வருடம் ஒருவர் "1,500 டாலர் தருகிறேன், ஷிஃப்ட் எதுவும் வேண்டாம்" என்கிறார். நல்ல மனிதர்தான். பொறுப்பில் இருக்கும் ஏழு பேரில் நான்கு பேருக்குச் சம்மதம், ஜெனரேட்டர் வாடகைக்கு ஆகும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வருடம் ஒருவர் என்றால் அடுத்த வருடம் பத்துப் பேர் கேட்பார்கள். மீதி 32 பேர் அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போடுவதா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ரீனோவாசி:
வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். நான் ஆறு வருடம் கேம்ப் நடத்தியவன். தண்ணீரை மட்டும் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது 5.7 லிட்டர் வேண்டும். 42 பேர், 9 நாள் என்றால் 2,150 லிட்டருக்கு மேல் போகிறது. இரண்டு டன் எடையைப் பக்கத்துப் பெருநகரமான ரீனோவிலிருந்து வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நிழல் கூடாரம், அதை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கிற ரீபார் இரும்புக் கம்பிகள், சமையலறைச் சாமான், வருடம் முழுக்க அதையெல்லாம் வைக்கிற கன்டெய்னர் வாடகை என்று செலவு நீள்கிறது. ஒவ்வொரு வருடமும் துண்டு விழும் தொகையை என் கிரெடிட் கார்டில்தான் அடைத்தேன். அப்போது யாரும் "சமமாகப் பங்கிடலாம்" என்று கூட்டம் போடவில்லை.

அப்புறம் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,900 அடி, பகலில் 38 டிகிரி வெயில். முட்டிவலியோ ரத்த அழுத்தமோ உள்ளவரை பகல் ஷிஃப்டில் நிறுத்தி என்ன சாதிக்கப் போகிறோம்? வேலை செய்ய முடிந்தவர் வேலை தரட்டும், பணம் தர முடிந்தவர் பணம் தரட்டும். எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

அடுப்படி:
ரீனோவாசி அண்ணா, நான் மூன்று வருடம் கேம்ப் சமையலறையைப் பார்த்துக்கொண்டவள். செலவுக் கணக்கில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் சொல்ல வருவது வேறு.

ஷிஃப்ட் செய்யாதவருக்கு கேம்ப் எப்படி ஓடுகிறது என்றே தெரியாமல் போகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றக்கூடாது, சேர்த்து வைத்து வெளியே எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. நாங்கள் மூன்று தொட்டி வைப்போம். முதலில் தட்டை வழித்துத் துடைக்க வேண்டும், அப்புறம் சோப்பு, அப்புறம் கிருமிநாசினி. வழிக்காமல் போட்டால் சோறும் எண்ணெயும் கழிவு டிரம்மில் சேர்ந்து, புதன்கிழமைக்குள் பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் வரும். ஒரு முறை தொட்டியில் கை வைத்தவர் அதன் பிறகு வழிக்காமல் தட்டைப் போட மாட்டார். எத்தனை பலகை எழுதி மாட்டினாலும் மற்றவர்கள் படிப்பதில்லை.

2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை மழை பிடித்ததே, அன்று நான் அங்கே இருந்தேன். அந்தத் தரை பழைய ஏரிப்படுகை. நனைந்தால் களிமண் பசையாகிவிடும், பத்தடி நடந்தால் செருப்புக்கடியில் ஒரு செங்கல் கனம் ஒட்டும். வாசலை மூடினார்கள், வண்டி ஓட்டத் தடை. 70,000 பேர் உள்ளே. உணவு, தண்ணீர், எரிபொருளைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். கழிவறை சுத்தம் செய்கிற வண்டிகள்கூட நகர முடியவில்லை. சனிக்கிழமை எரிக்க வேண்டிய, விழாவுக்கே பேர் தந்த அந்தப் பெரிய மனித பொம்மையைத் திங்கள் இரவுதான் எரித்தார்கள்.

எங்களிடம் அப்போது நான்கு நாளுக்கு அரிசியும் பருப்பும் இருந்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எந்த கேஸ் சிலிண்டர் பாதி காலி, யாருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, இதெல்லாம் சமையல் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. வெள்ளி இரவு தொடங்கி அந்தப் பதினோரு பேர்தான் மாறி மாறி எல்லோருக்கும் பொங்கிப் போட்டார்கள். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை, உதவி செய்ய வந்து நின்றார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிக் கொடுக்க எங்களுக்குத் தெம்பு இல்லை. அந்த மூன்று நாளில் 1,500 டாலரைக் கொடுத்து என்ன வாங்க முடியும்? அங்கே ஐஸைத் தவிர விற்பனைக்கு எதுவுமே கிடையாது.

புழுதிக்கால், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நான்கு ஷிஃப்ட் சமம் என்கிறீர்களே, உங்கள் பட்டியலில் சமையல் யார், ட்ரில் பிடிப்பது யார்? எங்கள் கேம்ப்பில் இரண்டு வருடம் பெண்கள் வெங்காயம் நறுக்கினோம், ஆண்கள் கூடாரம் கட்டினார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, விருப்பம் கேட்டு எழுதியதில் அப்படி வந்து விழுந்தது. மூன்றாம் வருடம் நான் பட்டியலைக் கலைத்துச் சீட்டுப் போட்டேன். கூடாரக் கயிற்றைக் கட்டுகிற லேக் போல்ட் என்ற நீளத் திருகாணியை ட்ரில்லால் தரையில் இறக்க நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

புழுதிக்கால்:
அக்கா, பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சமையலில் 14 பேர், அதில் 11 பெண்கள். எனக்கு இதுவரை கண்ணில் படவில்லை.

இரவுக்காவல்:
பணம் கொடுப்பவரை விட்டுத்தள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி யாராவது பேசுங்கள். போன வருடம் ஸ்ட்ரைக்குக்கு 30 பேர் வர வேண்டும், 12 பேர் நின்றோம். நானும் இன்னொருவரும் மத்தியான வெயிலில் 60 ரீபார் கம்பிகளைப் பிடுங்கினோம். அந்த 18 பேரும் நான்கு ஷிஃப்ட் முழுசாகச் செய்தவர்கள், சாய் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டவர்கள்.

ரீனோவாசி:
இரவுக்காவல் சொல்வதுதான் உண்மையான நோய்.

அடுப்படி, மழை நாட்களைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். நானும் அதே சேற்றில் நின்றவன். ஆனால் அந்த 1,500 டாலரில் கூடுதலாக வரும் 850-ஐ என்ன செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். என் கேம்ப்பில் அப்படி வந்த பணத்தில்தான் ஒரு கல்லூரி மாணவிக்கும் வேலை போன ஒரு நண்பருக்கும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தேன். இல்லையென்றால் அவர்கள் வந்தே இருக்க முடியாது. பர்னிங் மேனைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-இல் விழாவுக்காக எழுதிய பத்துக் கொள்கைகளில் முதலாவதே யாரும் வரலாம் என்பதுதான். வசதி உள்ளவர்களின் பணத்தை மறுத்துவிட்டு அதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

அடுப்படி:
அதே பட்டியலில்தான் அண்ணா, எதையும் விலை பேசாதிருப்பதும் கூட்டு உழைப்பும் இருக்கின்றன. அவர் 850 டாலர் தரட்டும், மனசாரத் தரட்டும், அந்த மாணவி வரட்டும். கொடுத்துவிட்டுத் தொட்டியிலும் ஒரு நாள் கை வைக்கட்டும். வேலையிலிருந்து விடுபடத்தான் பணம் என்றால் அந்த மாணவி அவருக்குப் பாத்திரம் கழுவ வந்த மாதிரி ஆகிவிடாதா? 2014 வாக்கில் சம்பள ஆட்களை வைத்து, பணக்காரர்களுக்கு எல்லாம் தயாராகக் கொடுத்த கேம்ப்களைப் பற்றி எவ்வளவு மனக்கசப்பு எழுந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்துக்கு யாரும் ஒரே நாளில் போய்ச் சேரவில்லை.

உடம்பு முடியாதவர்களுக்கு வேலை இல்லாமலா இருக்கிறது? உட்கார்ந்தபடி காய் நறுக்கலாம், ஐஸ் கணக்கு எழுதலாம், கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டிலிருந்து மளிகைப் பட்டியல் போடலாம். மளிகைப் பட்டியல் போட்டுக்கொடுத்த ஒருவர்தான் எங்களை அந்த மழையில் காப்பாற்றினார். இரண்டு நாள் உபரி சேர்த்திருந்தார்.

ரீனோவாசி:
மாணவி அவருக்குப் பாத்திரம் கழுவுவதாக நான் ஒருபோதும் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்குமா என்று நான் கேட்டதும் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தை மறுப்பதில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

புழுதிக்கால்:
ஞாயிறு கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. கூடுதல் பணம் தருகிறவர்கள் தரலாம், அது கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குப் போகும், யார் தந்தார்கள் என்று பட்டியலில் போட மாட்டோம். ஷிஃப்ட் நான்கிலிருந்து மூன்றாகும், சீட்டுப் போட்டுப் பிரிப்போம். முன்கூட்டியே வந்து கூடாரம் கட்டுகிறவர்களுக்கும், முன்வேலையை எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் இரண்டு. பாத்திரத் தொட்டி ஒரு முறை எல்லோருக்கும் உண்டு. உடம்பு முடியாதவர்கள் அக்கா சொன்ன வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், காரணம் கேட்க மாட்டோம்.

ஸ்ட்ரைக்குக்கு மட்டும் கண்டிப்பு. 650-உடன் 150 டாலர் முன்பணம், திங்கள் பகல் 12 மணிக்குத் துப்புரவு வரிசை முடிந்த பிறகு திருப்பித் தருவோம். எல்லோரும் ஒரு கை இடைவெளியில் வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, கண்ணில் படுகிற குப்பையை எல்லாம் (அங்கே அதற்கு MOOP என்று பேர்) பொறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு ஒரு சதுர அடிக் குப்பைக்கு மேல் கூடாது என்பது நிலத்துக்குப் பொறுப்பான அமெரிக்க மத்திய அரசுத் துறையின் அளவு. எந்த கேம்ப் எவ்வளவு குப்பை விட்டது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டும் போன வருட வரைபடத்தில் எங்கள் சமையலறை இடம் மஞ்சளில் இருந்தது, மரத்தூளும் ஜிப் டை துண்டுகளும். சிவப்பானால் அடுத்த வருடம் இடம் கிடைப்பதே சிக்கல்.

இரவுக்காவல்:
150 போதாது. கிளம்பிப் போகிறவருக்கு 150 டாலர் ஒரு பொருட்டே இல்லை, பணம் கட்டி விலகுவது பின்வாசல் வழியாக வந்துவிடும். முன்பணத்துக்குப் பதிலாக, சொல்லாமல் போனவருக்கு அடுத்த வருடம் கேம்ப்பில் இடம் இல்லை என்று எழுதுங்கள்.

அடுப்படி:
இரவுக்காவல் சொல்வது சரி. விமானம், பிள்ளைகள், வேலை என்று உண்மையான காரணம் உள்ளவர்கள் ஜூன் மாதமே சொல்லிவிட்டால், முதல் வாரம் கூடாரம் கட்ட வரச் சொல்லலாம்.

ரீனோவாசி:
அதற்கு நானும் கை தூக்குவேன். புழுதிக்கால், கடைசி நாளில் கால் கழுவ வினிகர் நாலு கேலன் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மாதிரி தோலை அரிக்கிற அந்தக் காரத்தன்மைப் புழுதியில் ஒரு வாரம் நின்றவர்களின் பாதம் திங்கள்கிழமைதான் வெடிக்கும், வரிசையில் நடக்கவே முடியாது. லாரி திரும்பி வரும்போது ரீனோவில் இறக்கி வைக்க இடம் வேண்டுமென்றால் என் கராஜ் இருக்கிறது.