மழைக்காலத்தில் படித்த மறுபுனைவுகள்: மண்டையை விட்டுப் போகாத இடம் எது?

ராயபுரம் ராக்கோழி:
புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்'. கதை எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழை, கரண்ட் இல்லை, கல்மண்டபம் பக்கம் முட்டி வரை தண்ணீர். போன் வெளிச்சத்தில் படித்தேன். ராமன் தன்னைத் தீயில் இறங்கச் சொன்ன சேதியைச் சீதை வாயால் கேட்டு அகலிகை திரும்பவும் கல்லாகிறாள். முதல் தடவை, இந்திரன் வேஷம் போட்டு வந்த விவகாரத்தில் புருஷன் கோதமன் சபித்தான், சரி. இந்தத் தடவை யாருமே சபிக்கவில்லையே! அப்புறம் எங்கே தூங்குவது?

கொண்டித்தோப்பு:
ராக்கோழி, சேதி கேட்டதுமா கல்லானாள்? இல்லையே. கோதமன் அணைக்கிறான், அது கோதமன் வேஷத்தில் வந்த இந்திரன் என்று அவளுக்குப் படுகிறது, அப்போதுதான். பயமே அங்கேதான்.

எனக்கு உறுத்துவது அல்லி அரசாணி மாலை. எங்கள் ஏரியாவிலேயே அச்சான ரத்தின நாயகர் பெரிய எழுத்துப் புத்தகம். ஆயாவுக்குக் கண் மங்கல், நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். அர்ஜுனன் பாம்பாக உருமாறி மதுரை ராணி அல்லியின் கட்டிலுக்குப் போகிறான். தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறுகிறது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டது: "காலைல எழுந்து கழுத்தத் தொட்டுப் பாக்கும்ல அந்தப் பொண்ணு?" பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை.

ஒற்றியூரான்:
என்னுடையது சின்னது. பெரியபுராணத்தில் சங்கிலியார் கதையைப் படித்துவிட்டுத் தூறலோடு திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தடிக்குப் போனேன். பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த இடம். மீறி ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அங்கே ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, மறுபுனைவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கம்பனின் அகலிகைப் படலம். அடுத்து வால்மீகி: அங்கே அவள் கல்லே கிடையாது, காற்றை மட்டும் உண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். எங்கெங்கே மாறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் புதுமைப்பித்தனுக்கு வாருங்கள். மழைக்காலத்தில் புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள், கரையான் ஏறும். அலமாரியில் வேப்பிலை போடுங்கள். இருட்டில் போனில் படிப்பதையும் விடுங்கள் தம்பி.

கொண்டித்தோப்பு:
ஒற்றியூர் அண்ணே, அப்படிப் பார்த்தால் கம்பனே மறுபுனைவுதானே? எங்க ஆயா வால்மீகி படிச்சிட்டா அந்தக் கேள்வியைக் கேட்டுச்சு?

ராயபுரம் ராக்கோழி:
நோட்டு எல்லாம் நம்மால் ஆகாது அண்ணே. கொண்டித்தோப்பு, கோதமன் அணைத்ததை நானும் படித்தேன். சீதை சொன்னது காதில் விழாமல் இருந்திருந்தால் அவளுக்கு அங்கே இந்திரன் தெரிந்திருப்பானா? அதற்குப் பதில் சொல்லுங்க முதலில்.