மறு: மறு: ஒரிக்டஸ் பேரினத்துக்கு தமிழ்ல என்ன பேர் (கொஞ்சம் அவசரம்)

தக்கலை டீச்சர்:
வணக்கம். பிள்ளைங்க வண்டு பாத்து அடையாளம் சொல்ற மாதிரி ஒரு அட்டை தயார் பண்றேன், வியாழக்கிழமை பிரஸ்ஸுக்கு போகணும். ஒரிக்டஸ், சைலோட்ரூப்பஸ்னு ரெண்டு வண்டுப் பேரினம் (genus), நெருங்கின சொந்தம், ரெண்டையும் 'காண்டாமிருக வண்டு'ன்னே எழுதிட்டு போயிடறாங்க. ஆண் ஒரிக்டஸுக்கு தலையில ஒரே கொம்பு, நுனி பிளக்காது, முன்மார்புல கொம்பு இல்ல, ஒரு பள்ளமும் சின்ன மேடும்தான். ஆண் சைலோட்ரூப்பஸுக்கு தலையில ஒண்ணு மார்புல ஒண்ணு, ரெண்டும் நுனியில கவட்டை. பிரிச்சு சொல்ல பேர் தாங்க.

குழித்துறை அண்ணன்:
இதுக்கு விவாதமா டீச்சர்? விளையில தென்ன ஏறுற ஆள கேளுங்க, கொம்பஞ்செல்லின்னு சொல்லிட்டு போவாரு. எருக்குழியில புழுவா கெடந்து, வளந்தப்புறம் குருத்த குடைஞ்சு, ஓலை விரியும்போது பாத்தா முக்கோணம் முக்கோணமா வெட்டி வச்சிருக்கும், அந்த சனியனுக்கு இன்னொரு பேர் வேற வைக்கணுமா.

நாகர்கோவில் புலவர் ஐயா:
செல்லி மலையாளம். 1956 நவம்பர் 1ல் நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது இதற்குத்தானா? ஒரிக்டஸ் என்றால் கிரேக்கத்தில் தோண்டுபவன். நமக்கு 'குடை' இருக்கிறது. குடைவரை, குடைவு, ஏன், குடம், குடல், குடுவை எல்லாமே உட்குழிவுப் பொருள்தான். ஆகவே 'குடைவன்'. தொல்காப்பியர் "நண்டும் தும்பியும் நான்கறிவினவே" என்றபோது அந்தத் தும்பியில் வண்டினமும் அடக்கம் என்பது என் கருத்து, அதை விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

குழித்துறை அண்ணன்:
குடைவன்னா மழைக்கு குடை பிடிக்கிறவன்னுல்லா பிள்ளைங்க நெனைக்கும் ஐயா.

குலசேகரம் தம்பி:
இன்னொரு சிக்கல், சைலோட்ரூப்பஸ்னா மரம் துளைக்கிறவன், அப்ப குடைவன் ரெண்டுக்கும் பொருந்திடுமே. அண்ணே, செல்லியும் உதவாது. செம்பஞ்செல்லி கூன்வண்டு, இந்த குடும்பமே இல்ல. அதுக்கு மூக்கு நீளம், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும். ஒரிக்டஸ் இருக்கிற ஸ்கராப் குடும்பத்துக்கு உணர்கொம்போட நுனி தகடு தகடா விரியும். காண்டாமிருகமும் பேரினத்துக்கு ஆகாது, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1758ல இந்த வண்டுக்கு ஸ்கரபேயஸ் ரைனோசெரஸ்னு (ரைனோசெரஸ்னா காண்டாமிருகம்) போட்டாரு, பின்னாடி ஒரிக்டஸா பிரிச்சப்பவும் ரைனோசெரஸ் சிற்றினப் பேராவே நின்னுடுச்சு. நான் சொல்றது ஒற்றைக்கொம்பன், கவட்டைக்கொம்பன்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
நாங்கள் பேரினத்தை 'சாதி' எண்டுதான் படிச்சனாங்கள்.

குலசேகரம் தம்பி:
அத இங்க அட்டையில போட்டா அவ்வளவுதான் 😀

தக்கலை டீச்சர்:
தம்பி, பெண் சைலோட்ரூப்பஸுக்கு கொம்பே கிடையாதே, அத எப்படி கவட்டைக்கொம்பன்னு சொல்ல? பெண் ஒரிக்டஸுக்காவது கொம்பு சின்னதா உண்டு, வயித்து நுனியில செம்பழுப்பு முடி பாத்து பெண்ணுன்னு சொல்லிடலாம். அப்புறம் 'உணர்கொம்பு'ன்னு பாடப்புத்தகத்துல இருக்கிறதால, கொம்ப வட்டம் போடுன்னா பாதி பிள்ளைங்க அதத்தான் வட்டம் போடும்.

நாகர்கோவில் புலவர் ஐயா:
உணர்இழை என்று மாற்றுங்கள். கொம்பு என்பதே கிளை என்ற பொருளில்...

குழித்துறை அண்ணன்:
ஐயா, வியாழக்கிழமை பிரஸ்ஸு.

தக்கலை டீச்சர்:
நாலு பேர் ஒற்றைக்கொம்பனுக்கு சம்மதம்னு தனியா எழுதியிருக்காங்க, வேற வழியும் தெரியல. ஒற்றைக்கொம்பன், கவட்டைக்கொம்பன், பக்கத்துல மூலப்பேரும் தமிழ் எழுத்துல. ஆண் வண்டு படத்துக்கு கீழ 'பெண்ணுக்கு வேற மாதிரி'ன்னு ஒரு வரி. உணர்கொம்ப இந்த தடவ தொடல.

குழித்துறை அண்ணன்:
அடைப்புக்குறியில கொம்பஞ்செல்லியும் போடுங்க டீச்சர், இல்லன்னா வீட்டுல அப்பன்ட்ட கொண்டு காட்டுனா ஒண்ணும் மனசிலாவாது.

நாகர்கோவில் புலவர் ஐயா:
'மனசிலாவாது' என்பதும் அங்கிருந்து வந்ததே. குடைவனைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. குடம், குடல் பற்றித் தனி மடல் வரும்.