ஹைப்போரீக் ஸோன்: 'ஊற்றடுக்கு' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆற்றின் அடித்தரைக்குக் கீழே சரளைக்குள் தண்ணீர் ஓடும் பகுதியை ஆங்கிலத்தில் 'ஹைப்போரீக் ஸோன்' (hyporheic zone) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் வந்த 'தாழோட்ட மண்டலம்', 'ஊற்றுப்படுகை' இரண்டையும் பார்த்தேன். என் முன்மொழிவு 'ஊற்றடுக்கு'. இந்தச் சொல் எங்கே புழங்கப்போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குள் ஓடி வாஷிங்டன் ஏரியில் சேர்வது தார்ன்டன் ஓடை. வீடும் சாலையும் பெருகப் பெருக, மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் வடிகால் வழியே ஒரே வீச்சில் வந்து ஓடையின் சரளையை அரித்துக்கொண்டு போனது. ஓடையை நேராக்கிக் கரையை இறுக்கிக் கட்டியதில் மிச்சமும் போயிற்று. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சால்மன் மீனுக்குத்தான் இடமில்லை.

பெண் சால்மன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துச் சரளையில் குழி பறிக்கும். முட்டையிட்டு, ஆண்மீன் விந்து சேர்த்ததும், மேலே சரளையைத் தள்ளி மூடிவிடும். அந்த முட்டைகள் மாதக்கணக்கில் கல்லுக்குள் கிடக்கவேண்டும். கல்லிடுக்கில் புதுத்தண்ணீர் ஓடினால்தான் ஆக்சிஜன் கிடைக்கும், கழிவு அகலும். வண்டல் அடைத்துக்கொண்டால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இந்தக் கல்லிடுக்கு ஓட்டம் நடக்கும் பகுதிக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஆற்றுநீர் அங்கே இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, சற்றுத் தள்ளி மறுபடி ஆற்றுக்கே ஏறிவரும். வழியில் நுண்ணுயிர்கள் மாசைச் சிதைக்கும்.

மீன்வாழிடச் சீரமைப்பு என்றால் பெரும்பாலும் ஓடையை வளைத்துவிட்டு, மரக்கட்டை போட்டு முடித்துக்கொள்வார்கள். தார்ன்டனில் 2014இல் இந்த அடுக்கையே புதிதாகக் கட்டினார்கள்: அடித்தரையைத் தோண்டிச் சரளையும் மணலும் நிரப்பி, தண்ணீர் கீழே இறங்கும்படி கட்டைகளைப் பதித்தார்கள். 2018இல் சினூக் சால்மன் வந்து அந்தச் சரளையிலேயே முட்டையிட்டது. அப்பகுதிச் சினூக், 1999 முதல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் மீன். நகருக்கு நடுவே அது முட்டையிட்டது எவ்வளவு பெரிய செய்தி!

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'தாழோட்டம்' கிரேக்கச் சொல்லின் நேர்பெயர்ப்பு. நீரியல் படித்தவர்கள் கோடையில் ஓட்டம் குறைவதையே நினைப்பார்கள். 'ஊற்று' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வற்றிய ஆற்றுமணலைத் தோண்டினால் சுரக்கும் தண்ணீரை நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தவிர, ஊற்றுவது மேலிருந்து, ஊறுவது கீழிருந்து. இரண்டு திசையும் ஒரே வேரில் அமைந்துவிடுகிறது. இடிப்பது 'படுகை'. காவிரிப் படுகை என்றால் வடிநிலம் முழுவதும் அடங்கும். வடிநிலச் சீரமைப்பைப் பற்றிய கட்டுரையில் இரண்டு பொருளிலும் 'படுகை' வந்தால் வாசகர் திணறுவார். 'ஊறுபடுகை' என்று சுருக்குவதும் வேண்டாம். ஊறுபடுதல் என்றால் கேடுறுதல்.

'ஊற்றடுக்கு' என்று கொண்டால் கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: நீர் இறங்குவது கீழூறல், ஏறுவது மேலூறல், உள்ளே வாழ்பவை ஊற்றடுக்கு உயிரிகள். நிலத்தடி நீரைத் தேக்கிவைக்கும் நீர்த்தாங்கியோடு (aquifer) குழப்பமும் வராது.

கூடவே ஒன்று. சால்மன் முட்டையிடும் 'ரெட்' (redd) என்பதற்கு 'முட்டைக்குழி' என்று எழுதிவருகிறோம். ஒரே ரெட்டுக்குள் பல குழிகள் இருக்கும். 'முட்டைக்குழி'யை அந்தத் தனிக்குழிக்கு ஒதுக்கிவிட்டு, முழுவதையும் 'சரளைக்கூடு' எனலாமா? மீன்வளம் படித்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.