மின் நிலைய பாய்லரை வெளியிலிருந்து யார் வந்து பார்க்கிறார்கள்? தம்பிக்காகக் கேட்கிறேன்

கரையோரன், திருப்பாலைக்குடி:
வணக்கம். என் தம்பி வேறு மாவட்டத்தில் ஓர் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது வலது கை முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. நீராவி அடித்துவிட்டதாம், நாலு நாள் ரூமிலேயே படுத்திருக்கிறான், ஆஸ்பத்திரிச் சீட்டுகூட இல்லை. உள்ளே வேலை செய்யலாம் என்று எழுதித் தரும் பாதுகாப்பு அனுமதி, அதாவது பெர்மிட், வருவதற்கு முன்பே உள்ளே போகச் சொன்னார்களாம். ஏன்டா போனாய் என்றால், "போகாவிட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் அண்ணே" என்கிறான். நெய்வேலியில் 2020 மே 7-ல் பாய்லர் வெடித்து, இரண்டு மாதம் முடிவதற்குள் ஜூலை 1-ல் அதே நிலையத்தில் மறுபடியும் வெடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிற அதிகாரி உண்டா? எந்த ஆபீஸ்?

பழைய பாய்லர்காரர்:
உண்டு தம்பி. பாய்லருக்குக் கொதிகலன் துறை, வேலையாட்களுக்குத் தொழிலகப் பாதுகாப்புத் துறை, புகைக்கும் கழிவுநீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று தனித்தனியாக இருக்கிறார்கள், அதனாலேயே ஒருவர் வேலையை இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். பாய்லர் சான்றிதழில் காலம் முடியும் தேதி இருக்கும், அதைத் தாண்டி ஓட்டக்கூடாது. உன் தம்பி விஷயத்தில் முக்கியமானது வேறு. 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால், காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் தொழிலகப் பாதுகாப்புத் துறை ஆய்வாளருக்கு அறிவிப்பு போயிருக்க வேண்டும். நாலு நாள் படுத்திருக்கிறானே, அறிவிப்பு போனதா?

இன்னொன்று அவனிடம் சொல். அதிக அழுத்த நீராவி கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது வெளியே வந்து ஆறிப்போன ஆவி. நாங்கள் சத்தம் கேட்கும் பக்கம் விளக்குமாறை நீட்டிக்கொண்டுதான் நடப்போம், குச்சி அறுந்து விழுந்தால் கசிவு அங்கே. கையை நீட்டித் தேடவே கூடாது.

நண்டுவலை, தேவிபட்டினம்:
உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் என்றபோது நாங்களும் இப்படித்தான் முழித்தோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். குளிர்விக்க எடுத்த கடல்நீரைத் திரும்ப விடும்போது கடலின் சூடு 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. நம் பாக் நீரிணை ஆழமில்லாத கடல், கடற்புல் வெந்தால் நண்டும் இல்லை, இறாலும் இல்லை. 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் உப்பூர் நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பதில் வருகிறது.

மனுதாரர்:
அந்தக் காகிதத்தை 10 ரூபாயில் வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மின் நிலையத்தைக் கேட்காதீர்கள், தொழிலகப் பாதுகாப்புத் துறையையே கேளுங்கள். இந்தத் தேதியில் இந்த நிலையத்திலிருந்து விபத்து அறிவிப்பு வந்ததா, கடைசியாக ஆய்வு எப்போது, என்ன குறை எழுதினார்கள், நகல் வேண்டும். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் தரவேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை, தம்பி பெயரும் வேண்டாம், உங்கள் பெயரில் போடுங்கள். கையைப் போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்குங்கள், எப்படி ஆனது என்று அவர்கள் எழுதும்போது வேலையிடத்தில் நடந்தது என்று தம்பியைச் சொல்லச் சொல்லுங்கள்.

கரையோரன்:
ரொம்ப நன்றி அண்ணன்மார்களே. தேதியும் யூனிட் நம்பரும் தம்பி சொல்லிவிட்டான். காலையில் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், மனுவை இன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன்.