வீடு ஏலம் போன பிறகும் தீராத கடன்: உங்களுக்கு என்ன நடந்தது?

மார்த்தாண்டம் டிரைவர்:

சாவியைக் கொடுத்த அன்றோடு கடன் தீர்ந்தது என்றுதான் நானும் மனைவியும் நம்பினோம். வீடே போய்விட்டது, கடன் கொடுத்தவர்கள் இனி என்ன கேட்கப் போகிறார்கள்? 11 மாதம் கழித்து மச்சானுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் தர வேண்டிய 10,38,000 ரூபாயை, ஜாமீன் போட்ட அவர் 15 நாளில் கட்ட வேண்டுமாம்.

சவூதியில் வண்டி ஓட்டிய காலத்தில் 18 லட்சம் லோன் எடுத்து 6 சென்டில் கட்டிய வீடு. 2021-ல் வேலை போனது. மூன்று மாத டியூ நின்றதும் வாராக்கடன் என்றார்கள். 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது, சுவரில் ஒட்டினார்கள், பேப்பரில் போட்டார்கள். முதல் ஏலத்துக்கு ஆள் வரவில்லை. அடிப்படை விலையைக் குறைத்து இரண்டாவது ஏலத்தில் 16,20,000-க்குக் கொடுத்தார்கள். அதற்குள் வட்டி ஏறி பாக்கி 25,90,000. செலவு 68,000. அப்படித்தான் அந்த 10,38,000.

மச்சான் பள்ளிக்கூடத்தில் கிளார்க். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அத்தான், சம்பளத்துல பிடிப்பினுமா?" என்று மட்டும் கேட்டார். வீட்டை விட்டு இறங்கின நாளில்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அடுத்த வாரம் வசூலுக்கு வந்தவர் ஒரு தாளை நீட்டினார். மிச்சத் தொகையை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. பயத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். மனைவிதான் கையைப் பிடித்தாள். பிறகு குழித்துறையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், வழக்குப் போட அவர்களுக்குள்ள காலக்கெடு அன்றிலிருந்து புதிதாக ஓட ஆரம்பித்திருக்கும் என்றார். அவர்கள் போட்ட கூட்டலையும் நாமே சரி என்று சொன்னது போல ஆகும்.

அவர் சொன்னபடி பதிவுத் தபாலில் கணக்குக் கேட்டேன். ஏலப் பணம் என்று வந்தது, என்று வரவு வைத்தீர்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை எங்கே, ஒவ்வொரு செலவுக்கும் பில் எங்கே? முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதுக்கு ஏழு வாரம் கழித்து ஸ்டேட்மென்ட் வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். ஏலப் பணம் வந்து 71 நாள் கழித்துத்தான் என் கணக்கில் வரவு வைத்திருந்தார்கள். அந்த 16,20,000-க்கு 13.5 சதவீதம் வட்டி என் தலையில் ஓடியிருந்தது, ஏறக்குறைய 42,500 ரூபாய். காவலாளி கூலி 34,000. அந்த வீட்டில் ஒரு நாளும் காவலாளி இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் லோக் அதாலத்தில் பேசினோம். 4,25,000-க்கு முடிந்தது, மூன்று தவணை. இரண்டாவது தவணைக்கு மனைவியின் செயின் போனது. மச்சானின் ஜாமீனும் இதோடு முடிகிறது என்று தீர்வில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நின்றேன். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

குளச்சல் மகள்:

அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் அப்பா இறந்த பிறகுதான் வீடு ஏலம் போனது. மிச்சத்தைப் பிள்ளைகள் கட்டணும் என்று ராத்திரி 9 மணிக்கெல்லாம் போன் வரும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொல்லிக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய பிறகே நின்றது. வாரிசுகள் கையெழுத்துப் போடாதவர்களாக இருந்தால், இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அப்பா விட்டுப்போனது வள்ளத்தில் ஒரு பங்கு மட்டும். ஆனால் அம்மா கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதனால் அம்மாவுக்கு அந்த விலக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை யாரும் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை.

தக்கலை வக்கீல் குமாஸ்தா:

நோட்டீஸ் வந்தாலே தீர்ப்பு வந்தது போல ஜனங்கள் நடுங்குகிறார்கள். தினமும் பார்க்கிறேன். ஏலத் தொகை போதாவிட்டால் மீதியை வசூலிக்கத் தனியாக மனுப் போடலாம் என்று சர்பாசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்க வங்கிகளுக்கு வழி தரும் சட்டம்) பிரிவு 13(10) சொல்கிறது. மீதி 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயம், குறைந்தால் சிவில் கோர்ட். அங்கே கணக்கை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலையாக டிகிரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு, ஆகிவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

டிரைவர் அண்ணனின் மச்சானுக்காகச் சொல்கிறேன். டிகிரி ஆனாலும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதன்பின் பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது. ஏலத்தையே எதிர்க்க வேண்டும் என்றால் 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகணும். பலர் ஒரு வருஷம் கழித்து ஆபீசுக்கு வருகிறார்கள்.

குலசேகரம்:

எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. 2011-ல் ரப்பர் கிலோ 200 ரூபாய்க்கு மேல் இருந்தபோது மாமா துணிந்து லோன் எடுத்தார். 2016-ல் விலை 100-க்குக் கீழே விழுந்ததும் தவணை நின்றது. வீடு கடனைவிட 2,10,000 அதிகமாகவே போனது. அந்தப் பணம் ஒன்றரை வருஷம் அவர்களிடமே கிடந்தது, ஒரு கடிதம்கூட வரவில்லை. மிச்சத்தை உரியவருக்குத் தர வேண்டும் என்று அதே சர்பாசி சட்டம் 13(7) சொல்வதை எழுதிக் கேட்ட பிறகு கிடைத்தது. அதனால் கடன் மிஞ்சியிருக்கும் என்ற பயத்தில் கணக்குக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

நாகர்கோவில் அம்மா:

எங்களுக்கு 60 நாள் நோட்டீஸ் வந்து 40 நாள் ஆகிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

மார்த்தாண்டம் டிரைவர்:

முடியும் அம்மா, இன்னும் நேரம் இருக்கு. ஆட்சேபணையை எழுதிக் கொடுங்க, 15 நாளில் அவர்கள் பதில் சொல்லியாகணும். வெளியில் நல்ல விலைக்கு ஆள் கிடைத்தால், ஏல அறிவிப்பு பேப்பரில் வருவதற்கு முன்னாலேயே கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி விற்றுக் கடனை அடைத்து ஆதாரத்தை (வீட்டுப் பத்திரத்தை) திரும்ப வாங்குங்க. அறிவிப்பு வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் என் 6 சென்ட் 16 லட்சத்துக்குப் போயிருக்காது. மகனிடம் இன்றைக்கே சொல்லுங்க. நான் எழுதிய இரண்டு கடிதத்தின் நகலும் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால் கையில் தருகிறேன்.