அப்பாவுக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 168, பிபி 150/90. இஞ்சி பூண்டு சாறே போதும் என்கிறார், என்ன செய்வது?

காவேரிக்கரை:
அப்பாவுக்கு வயது 58. பார்க்க ஒல்லியாகத்தான் இருப்பார், சுகரும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் எல்டிஎல் 168, பிபி 150/90 என்று வந்திருக்கிறது. டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் பிபி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, உப்பையும் குறைக்கச் சொன்னார். அப்பா மாத்திரையைத் தொடவே இல்லை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர் எல்லாம் காய்ச்சித் தேன் விட்டுக் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், அதைத்தான் வெறும் வயிற்றில் குடிக்கிறார். செக்கு எண்ணெய்க்கும் இந்துப்புக்கும் மாறியாகிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார். கடையில் உட்கார்ந்த வேலை, தினமும் நாலைந்து சிகரெட், சாயங்காலம் டீயோடு பஜ்ஜி. எங்கிருந்து தொடங்குவது? நானோ அம்மாவோ சொன்னால் கோபம்தான் வருகிறது.

மேற்குத்தெரு:
முதலில் சிகரெட், மற்றதெல்லாம் அப்புறம். நாலைந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். தினமும் 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்ட பாதி ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. அதனால் எண்ணிக்கையைக் குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். நிறுத்தி ஒரு வருடம் ஆனாலே, அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்று ஓர் இலவச எண் அச்சிட்டிருப்பார்கள், அதில் கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்வார்கள். வீட்டு ஆள் சொல்லிக் கேட்காதவர் வெளியாள் சொன்னால் கேட்பார்.

வார்டு எண் ஏழு:
இதய சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், இந்தச் சாறு குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் எங்களிடம் வந்து சேர்வதைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துதான் இதை எழுதுகிறேன். அடைப்பு என்பது ரத்தக்குழாய்க்குள் ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை, கழுவிவிட முடியாது. எல்டிஎல் குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள்ளேயே போய்விடும், அங்கே ரத்த வெள்ளணுக்கள் அதை விழுங்கி விழுங்கிக் கொழுப்பாக உப்பிப்போய்க் கிடக்கும், மேலே மெல்லிய மூடி ஒன்று உருவாகும். இதெல்லாம் வருடக்கணக்காக எந்த அறிகுறியும் இல்லாமல் நடக்கும். என்றைக்கோ ஒருநாள் அந்த மூடி கிழியும்போது அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயே அடைபட்டுவிடும். வயிற்றுக்குப் போகும் வினிகர் அந்தச் சுவருக்குள் போய் எதையும் கரைக்காது. ஸ்டாட்டின் ரத்தத்தில் எல்டிஎல்லைக் குறைக்கும், அந்த மூடி சட்டென்று கிழியாமல் உறுதிப்படவும் உதவும். தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், தானாக நிறுத்தக் கூடாது. ஒல்லி என்பதை வைத்தும் நிம்மதி அடையாதீர்கள், இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவனம் வேண்டும்.

சமையல்கட்டு:
இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன், மூன்று வேளைக்கும் சேர்த்து! எங்கள் வீட்டில் குழம்பில் குறைத்துவிட்டு, தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய் என்று மூன்றும் வைப்போம், உப்பு அங்கேதான் ஏறுகிறது. கருவாடும் அப்படித்தான். சோடியம் குறைந்த உப்பு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில பிபி மாத்திரைகளைச் சாப்பிட்டாலோ ஒத்துவராது.

எண்ணெய் செக்கில் ஆட்டியதா என்பதைவிட எந்த எண்ணெய், எவ்வளவு என்பதுதான் விஷயம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் அளவாக. பஜ்ஜிக் கடையில் சட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள், எண்ணெய் கறுத்து, ஓரத்தில் நுரை கட்டி, காறல் வாடை அடித்தால் அது திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும், அந்த நேரத்துக்குச் சுண்டல் கட்டிக் கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து வெண்டைக்காய், கீரை, பருப்பைக் கூட்டுங்கள், அதிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். கொஞ்சம்தான், 168ஐ வெண்டைக்காய் மட்டும் இறக்கிவிடாது, மாத்திரை வேண்டும்.

காவேரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், மூடி கிழிவது பற்றி இரண்டு தடவை கேட்டார். பிபி மெஷின் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். நடைப்பயிற்சிக்கு எவ்வளவு நேரம்?

மேற்குத்தெரு:
வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.