சப்மெர்சிபிளுக்குத் தமிழில் என்ன? வியாழன் இரவுக்குள் வேண்டும்

மொழியாக்கி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அறிவியல் மாத இதழுக்காக டைட்டன் விபத்து பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைப் பார்க்க ஐந்து பேரோடு வட அட்லாண்டிக்கில் இறங்கி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் தொடர்பு அறுந்துபோன அதே டைட்டன்தான். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் வந்ததல்லவா, அதை ஒட்டிய கட்டுரை. வியாழன் இரவு பக்கம் முடிக்க வேண்டும்.

சப்மரீனுக்கு நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது. சப்மெர்சிபிளுக்கு? அன்றைய செய்திகள் பலவும் இதையும் நீர்மூழ்கிக் கப்பல் என்றே எழுதின. ஆனால் கட்டுரையே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நிற்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் தானே துறைமுகத்திலிருந்து கிளம்பும், தானே திரும்பும். டைட்டனையோ போலார் பிரின்ஸ் என்ற கப்பல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸிலிருந்து இழுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டது. 'இத்தனை நாட்டுக் கடற்படை இருக்கிறதே, ஒரு நீர்மூழ்கிக் கப்பலை அனுப்பினால் என்ன' என்று அப்போது பலர் கேட்டார்கள். ராணுவக் கப்பல்கள் சில நூறு மீட்டர் ஆழத்துக்கானவை. டைட்டானிக் கிடப்பது ஏறக்குறைய 3,800 மீட்டரில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தக் கேள்வி வரத்தானே செய்யும்?

என் கையில் இருப்பவை: நீர்மூழ்கி, ஆழ்கடல் மூழ்கி, மூழ்குகலம். தலைப்பில் வரும் சொல், நீளம் வேண்டாம்.

ஒற்றுப்பிழை எழுதியது:

'நீர்மூழ்கி' உதவாது. 'ஐந்து பேருடன் நீர்மூழ்கி மாயம்' என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள். நீரில் மூழ்கி, பிறகு மாயமாயிற்று என்று வினையெச்சமாகவும் படிக்கலாம். 'கப்பல்' என்ற வாலை வெட்டினால் வரும் வினை இது. உலாவி, செயலி, வருடி என்று எதைப் பார்த்தாலும் ஓர் இகரத்தை ஒட்டிவிடும் பழக்கத்துக்கு இங்காவது விடுப்புக் கொடுக்கலாம்.

மூழ்குகலம் நல்ல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது, 'மூழ்குக்கலம்' என்று எழுதிவிடாதீர்கள். சுருக்குகிறேன் பேர்வழி என்று 'மூழ்கலம்' ஆக்கவும் வேண்டாம். அச்சில் ஒரு கால் கூடினால் 'மூழ்கலாம்' ஆகிவிடும். டைட்டனை ஓட்டிய ஓஷன்கேட் நிறுவனத்தின் கதையைப் படித்தவர்கள் அதைப் பிழை என்றே நினைக்கமாட்டார்கள்.

பொறியன் எழுதியது:

எங்கள் பக்கம் சப்மெர்சிபிள் என்றால் போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார். கடைப் பலகையிலேயே 'நீர்மூழ்கி மோட்டார்' என்று இருக்கும். விவசாயி வீட்டுப் பிள்ளை உங்கள் கட்டுரையைப் படித்தால் அதற்குள் ஐந்து பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்றுதான் கேட்பான். ஆகவே நீர்மூழ்கிக்கு என் ஓட்டும் இல்லை.

அதைவிட அவசரமாகப் பார்க்க வேண்டியது 'இம்ப்ளோஷன்'. 'உள்வெடிப்பு' என்று எழுதுகிறார்கள். வெடித்தால் உள்ளே இருப்பது வெளியே சிதற வேண்டும். இங்கே நடந்தது நேர்மாறு. அந்த ஆழத்தில் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஏறக்குறைய 400 கிலோ அழுத்துகிறது. சுவர் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் போதும், கடல் உள்ளே பாய்ந்து மொத்தத்தையும் நொறுக்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு உணரக்கூட நேரமிருக்காது. 'உள்வெடிப்பு' என்றதும் உள்ளே பேட்டரியோ சிலிண்டரோ வெடித்தது என்று என் மாமனார் இன்றைக்கும் நம்புகிறார். 'உள்நொறுங்கல்' என்று போடுங்கள்.

வேர்தேடி எழுதியது:

நண்பர்களே, ஏன் மூழ்கலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? 'ஆழ்' என்று ஓர் அருமையான வேர் இருக்கிறது. ஆழ், ஆழம், ஆழி, ஆழ்தல். கடலுக்கே அதுதான் பெயர். சக்கரத்துக்கும் ஆழி, மோதிரத்துக்கும் ஆழி. ஆண்டாள் 'ஆழி மழைக் கண்ணா' என்று தொடங்கி 'ஆழியுள் புக்கு முகந்துகொடு' என்று கடலுக்குள் இறக்கி, 'ஆழிபோல் மின்னி' என்று சக்கரத்தையும் கொண்டுவந்துவிடுவாள். புகுந்து முகந்து மேலேறுதல்! சப்மெர்சிபிளின் வேலையே அதுதானே? ஆகவே 'ஆழ்வான்'. கூரத்தாழ்வான் போல. 1986-ல் டைட்டானிக் வரை இறங்கிய அமெரிக்கக் கலத்தின் பெயர் 'ஆல்வின்' என்பதையும் கவனியுங்கள். ஒலி ஒப்புமை தற்செயலா?

பொறியன் எழுதியது:

தற்செயல்தான் ஐயா. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ஆலின் வைன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். அவர் பெயரைச் சுருக்கி வைத்தது ஆல்வின். அது 1964-லேயே பணிக்கு வந்துவிட்டது.

வேர்தேடி எழுதியது:

பெயர் வைத்தவர் மனத்தில் இருந்தது வேறு, ஒலியின் வேர் வேறு. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

வகுப்பறை எழுதியது:

வேர்தேடி ஐயா, தனி மடல் வெள்ளிக்கிழமை வரட்டும்.

இன்று ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளிடம் மூன்று சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டேன். பெரும்பாலோர் நீர்மூழ்கிக்குக் கை தூக்கினார்கள். 'மூழ்குகலம்' என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், 'மிஸ், அது டைட்டானிக் இல்லையா?' என்றான். வகுப்பே சிரித்தது. யோசித்தால் அவன் சொன்னது சரி. ஒற்றுப்பிழை ஐயா சொன்ன வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொருந்துமே. மூழ்கிய கலமும் மூழ்குகலம்தானே? இந்தக் கட்டுரையில் 1912-ல் மூழ்கிய கலத்தைப் பார்க்கப் போன இன்னொரு மூழ்குகலம் வருகிறது. எது எது என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த விபத்து எப்படித் தெரிந்திருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பேர் தெரியாது, ஆண்டு தெரியாது. வீடியோ கேம் கன்ட்ரோலரை வைத்து ஓட்டினார்களே, அது எல்லோருக்கும் தெரியும். அந்த மீம்கள்தான் நின்றிருக்கின்றன. கன்ட்ரோலரால் யாரும் சாகவில்லை, கலத்தின் கார்பன் ஃபைபர் உடலைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்ல அரை பீரியட் போயிற்று.

மொழியாக்கி எழுதியது:

டீச்சர், கட்டுரையின் பாதி அதைப் பற்றித்தான். அந்த நான்கு நாளும் தொலைக்காட்சியில் 96 மணி நேர ஆக்சிஜனுக்குக் கடிகாரம் ஓடியது. கனடா விமானங்கள் ஏதோ தட்டும் ஓசை கேட்டதாகச் சொன்னதும் உலகமே நம்பிக்கை வைத்தது. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் 18-ஆம் தேதியே நொறுங்கல் போன்ற ஓர் ஒலியைப் பதிவு செய்திருந்தன. அது பொதுவில் தெரிந்ததோ 22-ஆம் தேதி, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறக்குறைய 490 மீட்டர் தள்ளிச் சிதைவுகளைக் கண்டெடுத்த பிறகு.

இன்னொரு பக்கம் கோபம். டைட்டன் இறங்குவதற்கு நான்கு நாள் முன்னால், ஜூன் 14-ஆம் தேதி, கிரேக்கத்தின் பைலோஸ் அருகே ஆட்ரியானா என்ற படகு கவிழ்ந்து அகதிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஆளுக்கு 2,50,000 டாலர் வரை கட்டணம் வைத்த பயணத்தில் போன ஐந்து பேருக்கு இத்தனை கப்பல், விமானம், நேரலை. அந்த அகதிகளுக்கு என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கட்டுரையாசிரியர் ஒதுக்கவில்லை. நானும் ஒதுக்கப் போவதில்லை.

நெய்தல் எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். தூத்துக்குடிக்காரன் என்பதால் ஒரு வார்த்தை.

எங்கள் ஊரில் 'முங்குதல்' வேறு, 'மூழ்குதல்' வேறு. சங்கு குளிக்கப் போனவர் முங்கினார் என்றால் மூச்சைப் பிடித்துப் போயிருக்கிறார், வந்துவிடுவார். படகு மூழ்கிட்டு, ஆள் மூழ்கிட்டார் என்றால் தேடப் போக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத்தானே நீங்கள் எல்லோரும் தேடுகிறீர்கள்? இறங்குவது பெரிய காரியமில்லை, கல்லும் இறங்கும். ஏறி வருவதற்குத்தான் எடையைக் கழற்றி விடும் ஏற்பாடு, அடைத்து வைத்த காற்று, மேலே காத்திருக்கும் கப்பல் எல்லாம். டைட்டனிலிருந்து கடைசியாக வந்த செய்திகூட இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டோம் என்பதுதான்.

முங்குகலம் என்று வையுங்கள். வகுப்பறை டீச்சரின் மாணவனுக்கும் குழப்பம் வராது.

ஒற்றுப்பிழை எழுதியது:

அண்ணாச்சி, பொருள் நுட்பத்தை மறுக்கவில்லை. ஆனால் 'முங்கு' பேச்சு வழக்கு. கலைச்சொல் பாடநூலுக்குப் போகும், தேர்வுத்தாளுக்குப் போகும். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு தெரியுமா? தெரியாதபோது அது வெறும் கொச்சையாகத்தான் படும். வேண்டுமானால் 'குளி' என்ற வேரை எடுக்கலாம், முத்துக்குளித்தல் போல. குளிகலம்.

பொறியன் எழுதியது:

குளிகலம் என்றால் பாத்ரூமில் இருக்கும் தொட்டி.

வடமராட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கட பக்கம் தண்ணீருக்கடியில் இறங்கித் தேடுபவர்களைச் 'சுழியோடிகள்' என்றுதான் சொல்லுவோம். கடற்படைச் சுழியோடிகள் என்று பத்திரிகையிலும் வரும். தமிழகத்தில் இந்தச் சொல் ஏன் இல்லாமல் போனது என்று எனக்கு எப்பவும் வியப்பு. சுழியோடுகலம் என்றால் போவதும் வருவதும் இரண்டும் உள்ளடங்கும். கொச்சை என்றும் யாரும் சொல்ல ஏலாது.

வகுப்பறை எழுதியது:

அழகான சொல். ஆனால் எங்கள் பிள்ளைகள் சுழியில் மாட்டிக்கொண்ட கலம் என்றுதான் நினைப்பார்கள், அல்லது பூச்சியம் வாங்கிய கலம் என்று!

வேர்தேடி எழுதியது:

சுழி, சுழல், சூழ், சூழி... இதுவும் ஆழியோடு போய் முட்டுகிறது பாருங்கள்.

மொழியாக்கி எழுதியது:

செவ்வாய் இரவாகிவிட்டது. இடையில் இன்னொரு சொல்லிலும் சிக்கிக்கொண்டேன். பணம் கட்டி வந்தவர்களை ஓஷன்கேட் நிறுவனம் 'பயணிகள்' என்று சொல்லவில்லை, 'மிஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்றது. பயணி என்றால் பயணிக் கலத்துக்கான விதிகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். 'பணித்திட்ட வல்லுநர்' என்று நேராகப் பெயர்த்தால் அந்த ஏமாற்றுக்கு நானும் உடந்தை. 'வல்லுநர் என்று பெயரிடப்பட்ட பயணிகள்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

பொறியன் எழுதியது:

மிகச் சரி. அங்கே எல்லாமே சொல் வித்தைதான். வெளிச் சான்று நிறுவனத்திடம் கலத்தைக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று கேட்டால், புதுமையின் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியாது என்று 2019-ல் ஒரு விளக்கம் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே துறை சார்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தார்கள். கலத்தின் உடல் தரமானதா என்று கேள்வி கேட்ட தங்கள் கடற்பணி இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜை வேலையை விட்டு நீக்கினார்கள். 2022-ல் மேலேறும்போது பெரிய சத்தம் கேட்டது, உணரிகளில் மாற்றம் தெரிந்தது. அதையும் ஆராயாமல் விட்டார்கள். குளிர்காலம் முழுக்கக் கலம் வெட்டவெளியில் கிடந்தது. தடுத்திருக்கக் கூடிய விபத்து என்று அறிக்கை எழுதியதில் வியப்பேதும் இல்லை.

'சர்டிஃபிகேஷன்' என்பதற்கு வெறும் 'சான்றிதழ்' என்று போட்டுவிடாதீர்கள். அது ஏதோ காகிதம் என்று நினைப்பார்கள். 'வெளியார் தரச்சோதனை' என்று விரித்தே எழுதுங்கள்.

வகுப்பறை எழுதியது:

இந்தியாவின் ஆழ்கடல் கலமான நம் மத்ஸ்யா 6000 பற்றியும் ஒரு பெட்டிச்செய்தி போடலாமே. டைட்டன் செய்தி வந்தபோது 'நம்முடையதில் மூன்று பேர் 6,000 மீட்டர் போகப் போகிறார்களாமே, பத்திரமா?' என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேச்சு.

பொறியன் எழுதியது:

போடலாம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்குவது. ஆட்கள் உட்காரும் பகுதி டைட்டேனியக் கோளம், உள்விட்டம் 2.1 மீட்டர். டைட்டனின் உடலோ இரு முனைகளில் டைட்டேனியம், நடுவில் கார்பன் ஃபைபர் உருளை. கோளத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், உருளையில் அப்படி இல்லை. அதோடு, அடுக்கடுக்காகச் சுற்றி ஒட்டிய இழை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியக்கூடும். இந்த இரண்டு வரியைப் படமாகப் போட்டாலே போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

வேர்தேடி எழுதியது:

பள்ளிக்கரணையில் செய்யும் கலத்துக்கு 'மத்ஸ்யா'வா? 'கயல்' என்று வைத்தால் மூழ்கிவிடுமா?

ஒற்றுப்பிழை எழுதியது:

மூழ்கத்தானே செய்கிறார்கள்.

மொழியாக்கி எழுதியது:

புதன் மாலை. கணக்கெடுத்துவிட்டேன். மூழ்குகலத்துக்கு ஒற்றுப்பிழை ஐயா, பொறியன், அரைமனதோடு நான். வகுப்பறை டீச்சர் நீர்மூழ்கியிலேயே நிற்கிறார். முங்குகலம் ஒன்று, சுழியோடுகலம் ஒன்று, ஆழ்வான் ஒன்று. பெரும்பான்மை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 'ஆழ்கடல் மூழ்குகலம்' என்று முதலில் ஒருமுறை முழுதாக எழுதி, பிறகு 'மூழ்குகலம்' என்று சுருக்கிக்கொள்கிறேன். டைட்டானிக் வரும் இடங்களில் 'மூழ்கிய கப்பல்' என்று விரித்துவிடுகிறேன். இம்ப்ளோஷனுக்கு 'உள்நொறுங்கல்'. தலைப்பை மட்டும் இதழாசிரியர் 'நீர்மூழ்கி' என்று மாற்றிவிடுவார் என்று உள்மனது சொல்கிறது. அனைவருக்கும் நன்றி.

நெய்தல் எழுதியது:

வாழ்த்துகள். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மத்ஸ்யா இறங்கும் நாளில் செய்தி வாசிப்பவர் 'மூழ்கியது' என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப்பேர் பதறி எழுந்து நிற்பார்கள். அப்போது இந்த இழையைத் திறந்து எடுத்துப் போடுகிறேன்.

ஒற்றுப்பிழை எழுதியது:

அண்ணாச்சி, 'திறந்து எடுத்துப் போடுகிறேன்' என்றால் போதாதா, 'இழையை' எதற்கு? இழைக்கு இரண்டாம் வேற்றுமை தேவையா என்று ஒரு தனி...

மொழியாக்கி எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.